அறக்கட்டளை உதவித்தொகையை யாருக்குக் கொடுப்பது? விதிகள் எழுதுகிறோம், நெல்லை நண்பர்கள் கருத்து சொல்லுங்கள்

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். நெல்லைச் சீமையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கேட்கப்போகிற கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

எங்கள் மாணவர்களுக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. ஒன்று அரசுப் பணம். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைகள், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை எல்லாம் இதில் சேரும். யாருக்கு எவ்வளவு என்று மேலேயே முடிவாகிவிடும். சான்றிதழைச் சரிபார்த்து ஏற்றிவிடுவதோடு எங்கள் வேலை முடிந்தது.

இன்னொன்று எங்கள் சொந்தப் பணம். பழைய மாணவர்கள் வைத்த அறக்கட்டளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பெற்றோர் நினைவாகப் போட்ட வைப்புநிதி, நிர்வாகம் தரும் கட்டணச் சலுகை. இதற்குத்தான் விதி என்று எதுவும் கிடையாது. துறைத் தலைவர் இரண்டு பெயர் சொல்வார், குழு ஒரு மதியம் கூடும், கையெழுத்தாகும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் துறைத் தலைவர் கண்ணில் படுகிற பிள்ளைதான் பட்டியலில் வருகிறது. வகுப்பு முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வீரகேரளம்புதூர்ப் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை.

பணமும் குறைவு. 5 லட்சம் வைப்புநிதிக்கு 7 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 35 ஆயிரம். அதைத் தலைக்குப் பத்தாயிரமாகக் கொடுத்தால் மூன்று பேர், மிச்சம் ஐயாயிரம். கேட்டு வருகிறவர்களோ ஒரு வகுப்பு நிறைய இருப்பார்கள். நிறையப் பேருக்கு "இல்லை" என்று சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொல்லும்போது ஏன் என்று காரணம் காட்ட முடிய வேண்டும் என்பது என் எண்ணம்.

விதிகளை எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. என் வரைவில் இருப்பது இது: விண்ணப்பம் திறக்கும் முன்பே எதற்கு எத்தனை புள்ளி என்று அறிவித்துவிட வேண்டும். வறுமைக்கு 60, மதிப்பெண்ணுக்கு 40. ஐந்து பேர் குழு. நேர்காணல் வைக்கலாமா என்று தயக்கம். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்பதிலும் தயக்கம். உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

---

எண்கணிதம் எழுதியது:

மேடம், அந்த 40 புள்ளியில் கவனம் வேண்டும். துறைக்குத் துறை மதிப்பெண் போடும் கை வேறு. ஒரு துறையில் 85 சாதாரணம், இன்னொரு துறையில் 70 வாங்கியவர்தான் வகுப்பில் முதல். சதவீதத்தை அப்படியே எடுத்தால், தாராளமாகப் போடுகிற துறையின் பிள்ளைகளே வருடா வருடம் வாங்குவார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் தன் வகுப்புக்குள் எத்தனையாவது இடம் என்று எடுங்கள்.

ஆனால் நான் மதிப்பெண்ணை வரிசைப்படுத்தவே வேண்டாம் என்பேன். தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு அப்போது வரும் மதிப்பெண், அவள் திறமையைச் சொல்லாது. எந்தப் பள்ளியிலிருந்து வந்தாள் என்பதைத்தான் சொல்லும். மூன்றாவது செமஸ்டரில் அதே பிள்ளை மேலே வந்துவிடுவாள், முதல் வருட ஃபீஸைக் கட்ட முடிந்திருந்தால்.

மத்திய அரசின் உதவித்தொகையில் நுழைவதற்கு பன்னிரண்டாம் வகுப்பில் தன் தேர்வு வாரியத்தின் மேல் 20 சதவீத மாணவர்களுக்குள் வர வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் போதும். அந்த இரண்டாவது அளவுகோலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் படிக்கிறாரா என்று ஒரு கோடு மட்டும் கிழியுங்கள். கோட்டைத் தாண்டியவர்களுக்குள் தேவை மட்டும் பேசட்டும்.

---

முக்கூடல் மகள் எழுதியது:

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார்கள். அப்பா இல்லை.

நேர்காணல் பற்றிக் கேட்டிருந்தீர்கள் மேடம். தயவுசெய்து வைக்காதீர்கள். இளங்கலை படித்த இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் எனக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர்கள். அப்பா எப்படி இறந்தார், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், சொந்த வீடா, கடன் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார்கள். தப்பாக யாரும் பேசவில்லை, அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் எனக்கு முன்னால் போன பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள், அவளுக்குக் கிடைத்தது. நான் அழவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மறுநாள் அதே ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது.

எங்கள் கஷ்டத்தைக் காகிதத்தில் எழுதித் தருகிறோம். அதைச் சரிபாருங்கள். நேரில் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள்.

---

கிராம நிர்வாகம் எழுதியது:

நான் தென்காசி மாவட்டத்தில் வருவாய்த் துறையில் இருக்கிறேன். வருமானச் சான்று பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரிகள் அதன்மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றுகின்றன.

இ-சேவை மையத்தில் பதிவார்கள். விஏஓ விசாரிப்பார், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பரிந்துரைப்பார், தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். அரசு ஊழியர் என்றால் சம்பளப் பட்டியல் இருக்கிறது, ரூபாய் சுத்தமாகத் தெரியும். பீடித் தொழிலாளிக்கு? கம்பெனி இலையும் தூளும் கொடுத்தால் வேலை. சில வாரம் நாலு நாள்தான் வேலை இருக்கும். இலை மோசமாக இருந்தால் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். வாழைத் தோட்டத்தில் குத்தகைக்கு இருப்பவருக்கு ஒரு காற்று அடித்தால் அந்த வருடமே போச்சு. இவர்கள் ஆண்டு வருமானத்தை எந்த விஏஓவும் ரூபாய் கணக்கில் அளந்துவிட முடியாது. அதனால்தான் ஊரில் பாதிப் பேர் சான்றில் 72 ஆயிரம் என்று ஒரே தொகை இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன்பு அதுதான் உச்சவரம்பு. பிறகு 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தினார்கள், ஆனாலும் பழைய எண் எழுதும் பழக்கம் போகவில்லை.

ஆக, நூறு விண்ணப்பத்தில் எழுபதில் 72 ஆயிரம் என்று இருந்தால் நீங்கள் எதை வைத்துப் பிரிப்பீர்கள்? அந்தச் சான்று ஒரு வரம்புக்குக் கீழே இருக்கிறாரா என்று பார்க்க உதவும். இருவரில் யார் அதிக ஏழை என்று பார்க்க உதவாது.

வேறு அடையாளங்களைப் பாருங்கள். ரேஷன் கார்டு அந்தியோதயா கார்டா, முன்னுரிமைக் கார்டா? அந்தியோதயா என்றால் மாதம் 35 கிலோ அரிசி வாங்குகிற குடும்பம், அந்தப் பட்டியலில் லேசில் சேர முடியாது. பெற்றோரில் ஒருவர் இல்லையா, இருவருமே இல்லையா? பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? வீட்டில் இன்னும் எத்தனை பேர் படிக்கிறார்கள்? இவையெல்லாம் காகிதத்தில் நிற்கும் விஷயங்கள், என்னிடம் வந்து அலைய வேண்டியதில்லை.

---

எண்கணிதம் எழுதியது:

அண்ணாச்சி சொல்வது சரி. இதில் புதுமைப் பெண் திட்டம் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியபோது வருமான வரம்பே வைக்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்று மட்டும் கேட்டார்கள், மாதம் ஆயிரம் ரூபாய். அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. பள்ளிச் சான்றில் பொய் சொல்ல முடியாது, லஞ்சம் கொடுக்கத் தேவையில்லை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலைய வேண்டாம்.

இன்னொன்று, வரம்பு என்ற கத்தி. பல அரசுத் திட்டங்களில் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2 லட்சத்து 49 ஆயிரம் என்றால் முழுத் தொகை, 2 லட்சத்து 51 ஆயிரம் என்றால் ஒன்றுமில்லை. அரசுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம், லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. உங்கள் அறக்கட்டளைக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. புள்ளிகளைப் படிப்படியாகக் குறையுங்கள்.

---

திசையன்விளை துபாய் எழுதியது:

நான் கொடுக்கிற பக்கத்தில் இருப்பவன். படித்த கல்லூரியில் அப்பா பெயரில் ஒரு நிதி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே போக வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். தேரிக்காட்டு மண்ணில் படிப்பு எவ்வளவு சிரமம் என்று பார்த்து வளர்ந்தவன். அந்த நிபந்தனையில் என்ன தப்பு? அப்புறம், யாருக்குப் போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு போட்டோ கூட வராவிட்டால் அடுத்த நண்பனிடம் "நீயும் கொடு" என்று எப்படிக் கேட்பேன்?

---

வண்ணார்பேட்டை வக்கீல் எழுதியது:

திசையன்விளை அண்ணாச்சிக்கு முதலில். ஊர் நிபந்தனையில் பெரிய சிக்கல் இல்லை. சாதி நிபந்தனையாக இருந்தால்தான் சிக்கல். அரசுப் பல்கலைக்கழகம் என்பது அரசின் ஓர் அங்கம். சாதி, மதம் மட்டுமே காரணமாக ஒரு குடிமகனை ஒதுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய 15(4) இடம் தருகிறது. "என் சாதிப் பிள்ளைக்கு மட்டும்" என்று ஒருவர் பணத்தோடு வந்தால், உங்கள் சங்கம் மூலமாகவே கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் நல்லது. நம்ம மாவட்டத்தில் இதைக் கண்டிப்பாக எழுதியே வைக்க வேண்டும்.

ஊர் நிபந்தனைக்கும் ஒரு துணை விதி வேண்டும். அந்த ஊரிலிருந்து தகுதியானவர் இல்லாத ஆண்டில் பணம் பொது நிதிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஒரு நிதியில் பணம் தேங்கிக் கிடக்கும், பக்கத்து ஊர்ப் பிள்ளை ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கும்.

இனி குழு. 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரைபக் வழக்கு இதற்கு நேராகப் பொருந்தும். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்த குழுவில், விண்ணப்பதாரர் ஒருவரே உறுப்பினராகவும் இருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார். ஆனால் போட்டியாளர்கள் பெயரைப் பேசும்போது உள்ளே இருந்தார். அது போதும், தேர்வு செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் குழுவுக்கும் அப்படித்தான். உறுப்பினரின் உறவுப் பிள்ளை விண்ணப்பித்திருந்தால், அந்தப் பெயர் வரும்போது மட்டும் வெளியே நிற்பது போதாது. அந்த ஆண்டு முழுக்க அவர் விலகியிருக்க வேண்டும். துறைத் தலைவர் தன் துறை மாணவருக்குப் புள்ளி போடவே கூடாது.

முறையீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையில், உதவித்தொகை தராமல் இருப்பதும் தாமதிப்பதும் குறை என்றே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தருவது நல்லது என்கிறது விதி. அதில் திருப்தி இல்லையென்றால் மாணவர் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் விதியின் கடைசிப் பக்கத்தில் இதை அப்படியே அச்சிடுங்கள்.

---

முக்கூடல் மகள் எழுதியது:

போட்டோ பற்றி நான் பதில் சொல்கிறேன், அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேடையில் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்தபடி நிற்க வைப்பார்கள். அந்தப் படம் துறை வாட்ஸ்அப் குழுவில் வரும், மறுநாள் ஊர்க் குழுவிலும் வரும். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. படம் எடுக்க ஒத்துக்கொள்கிற பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பணம் கையில் வருமா வராதா என்று நிற்கிற நேரத்தில் எந்தப் பிள்ளையும் "மாட்டேன்" என்று சொல்லாது. அதனால் பணம் கணக்கில் ஏறி முடிந்த பிறகு, விருப்பமிருந்தால் நன்றிக் கடிதம் எழுதலாம் என்று வையுங்கள். நான் எழுதுவேன்.

---

திசையன்விளை துபாய் எழுதியது:

சரி தங்கச்சி. கடிதம் போதும். ஊர் நிபந்தனையை விட மாட்டேன், வக்கீல் சொன்ன துணை விதிக்குச் சம்மதம். ஆனால் ஆண்டுக் கணக்கு எனக்கு வர வேண்டும்: வட்டி எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்குப் போனது, மிச்சம் எவ்வளவு. அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

---

பழைய சூப்பிரண்டு எழுதியது:

கணக்கு கொடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை.

கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் சொல்கிறேன். அநியாயம் பெரும்பாலும் குழுக் கூட்டத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்னாலேயே, ஜன்னலில் நடந்துவிடுகிறது. "இது ஜெராக்ஸ் தெளிவாக இல்லை, நாளைக்கு வா." "போனஃபைடு சான்று பழசு." "துறைத் தலைவர் கையெழுத்து இல்லை." பிள்ளை இரண்டு தடவை வந்து பார்க்கும், மூன்றாவது தடவை வராது. விண்ணப்பமே பதிவாகாததால் மறுக்கப்பட்டதாகக் கணக்கிலும் வராது. குழு உட்காரும்போது மேசையில் இருப்பவை ஜன்னலைத் தாண்டிய விண்ணப்பங்கள் மட்டும்தான்.

ஆகவே முதல் விதி: வந்த விண்ணப்பம் எதையும் ஜன்னலில் திருப்பக் கூடாது. குறை இருந்தாலும் வாங்கி, வரவு எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுத்து, என்ன குறை என்று அதிலேயே எழுத வேண்டும். சரிசெய்ய பத்து நாள் கொடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி நியாயம் வந்துவிடும்.

இரண்டாவது, கையில் இருக்கும் காகிதத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். சேர்க்கையின்போதே சாதிச் சான்று, டிசி, ஆதார் நகல் எல்லாம் வாங்கிவிட்டோம். யூமிஸ் என்கிற அரசின் மாணவர் தகவல் தளத்தில் ஏற்றியும் ஆகிவிட்டது. அதையே மறுபடி நகலெடுத்து வா என்று ஏன் கேட்க வேண்டும்? ஒவ்வொரு நகலுக்கும் காசு.

நம்ம மானூர் அம்பலவாண சுவாமி கோயிலில் சுமார் 1,200 வருடத்துக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம், எதற்கெடுத்தாலும் குறுக்கே நின்று தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம், அதை நாம் பின்பற்ற முடியாது, கூடாது. ஆனால் விதியைக் கோயில் சுவரில் வைத்தார்கள். நாம் இன்னும் கோப்புக்குள் வைக்கிறோம்.

---

ஸ்ரீவை மாணவன் எழுதியது:

கடைசித் தேதி பற்றியும் விதி வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் தீவாகிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தாமிரபரணி வீட்டுக்குள் வந்து பீரோவோடு சான்றிதழ்களை நனைத்துவிட்டது. அரசு பிறகு முகாம் போட்டு மாற்றுச் சான்று கொடுத்தது. ஆனால் நான் படித்த இடத்தில் அறக்கட்டளை விண்ணப்பத்தின் கடைசித் தேதி அந்த மாத முடிவு. "தேதி போய்விட்டது" என்று சொல்லிவிட்டார்கள். நீட்டிக்க யாருக்கு அதிகாரம் என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஆற்றங்கரையில் இருக்கிறோம், இது மறுபடி வராது என்று சொல்ல முடியாது. வெள்ளம், குடும்பத்தில் சாவு, மருத்துவமனை, இந்த மாதிரி காரணத்துக்குத் தேதியை நீட்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுதி வையுங்கள். வருடத்தின் நடுவில் குடும்பம் கவிழ்ந்தால் கொடுக்க ஒரு சிறு தொகையை ஒதுக்கியும் வையுங்கள். ஜூனில் வசதியாக இருந்தவன் ஜனவரியில் ஒன்றுமில்லாமல் நிற்கலாம்.

---

எண்கணிதம் எழுதியது:

தம்பி சொன்னதற்கு நூறு சதவீதம் உடன்படுகிறேன். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசர உதவிக்கு வைக்கலாம். பிப்ரவரி வரை செலவாகாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போகட்டும்.

---

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வரைவைத் திருத்தியிருக்கிறேன்.

நேர்காணல் இல்லை. மதிப்பெண் 50 சதவீதக் கோடு மட்டும். முதலாண்டு மாணவர்களுக்கு இரண்டு அரியர் வரை இருக்கலாம். அந்தக் கோட்டுக்கு மேலே முழுப் புள்ளியும் தேவைக்குத்தான்: ரேஷன் கார்டு வகை, பெற்றோர் நிலை, நிலையற்ற கூலி வேலை, வீட்டில் படிப்பவர் எண்ணிக்கை, அரசுப் பள்ளி, மாற்றுத்திறன், அப்புறம் அரசு உதவித்தொகை எல்லாம் வந்த பிறகும் கட்டணத்தில் விழும் இடைவெளி. இந்தக் கடைசியைப் பற்றிக் குழுவில் வாதம் நடந்தது. "ஏற்கெனவே அரசுப் பணம் வாங்குகிறார், வேண்டாம்" என்று ஒருவர் சொன்னார். மாதம் ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். வேறு உதவி வாங்குகிறாரா என்று பார்த்து ஒதுக்கக் கூடாது, எவ்வளவு வாங்குகிறார் என்று கழித்துவிட்டு மிச்சத் தேவையைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை அலுவலகம் பிரித்து வைத்துக்கொள்ளும். புள்ளி போடும் இருவருக்குப் பெயரும் துறையும் தெரியாது, வரவு எண் மட்டும் தெரியும். இருவரும் தனித்தனியாகப் போடுவார்கள், வேறுபாடு அதிகமானால் மூன்றாமவர் பார்ப்பார்.

பட்டியல் ஒட்டுவதில் இன்னும் குழப்பம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை நாம் மறக்க முடியாது. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி தெரியக் கூடாது என்று சொன்னது. நம் பிள்ளைகளிடம் யார் எந்த உதவித்தொகை வாங்குகிறார் என்பதிலிருந்தே சாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இருக்கிறது. பெயரை ஒட்டினால் அதற்கு நாமே வழிசெய்தது போலாகும். ஒட்டாவிட்டால் மூடி மறைப்பதாகிவிடும்.

---

வண்ணார்பேட்டை வக்கீல் எழுதியது:

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆவது பிரிவில், மானியமும் சலுகையும் பெற்றவர்களின் விவரத்தைப் பொது அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. அதனால் முழுக்க மறைக்க முடியாது. தனிப்பட்ட விவரத்தைக் காக்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. நடுவழி இது: வரவு எண், பெற்ற புள்ளி, தொகை, கடைசியாகத் தேர்வானவரின் புள்ளி. இவை பலகையில் இருக்கட்டும். சாதி, ஊர், பெற்றோர் நிலை, காரணம் எதுவும் வேண்டாம். அறக்கட்டளையின் பெயரும் வேண்டாம், சில நேரம் அந்தப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பெயர்களோடு கூடிய பதிவேடு அலுவலகத்தில் தணிக்கைக்கு இருக்கட்டும். கிடைக்காத ஒவ்வொருவருக்கும் அவருடைய புள்ளி விவரத்தை மூடிய கடிதத்தில் கொடுங்கள். எந்தத் தலைப்பில் எத்தனை என்று பார்த்தால்தான் அவர் முறையிட முடியும்.

---

எண்கணிதம் எழுதியது:

சம புள்ளி வந்தால்? அதையும் எழுதிவிடுங்கள். வயதில் மூத்தவர், முதலில் விண்ணப்பித்தவர் என்றெல்லாம் வைத்தால் அதற்கு ஒரு நியாயமும் இல்லை. முதலில் விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் வீட்டில் நெட் உள்ளவர். தொகையைப் பிரித்துக் கொடுங்கள். பிரிக்க முடியாத அளவு சிறிதாக இருந்தால் மாணவர் பிரதிநிதிகள் முன்னால் சீட்டு குலுக்கிப் போடுங்கள்.

---

கிராம நிர்வாகம் எழுதியது:

பிரித்துக் கொடுக்கலாம். சீட்டு போடுவது பிள்ளைகளுக்கு வருத்தமாக இருக்காதா?

---

முக்கூடல் மகள் எழுதியது:

இருக்காது சார். சீட்டில் போனால் என்னிடம் குறை இல்லை என்று தெரியும். காரணம் தெரியாமல் போவதுதான் கஷ்டம்.

---

பழைய சூப்பிரண்டு எழுதியது:

பணம் எப்போது கைக்கு வரும் என்று யாருமே கேட்கவில்லை. ஃபீஸ் கட்டுவது ஜூன், ஜூலையில். வட்டி முழுசாகச் சேர்வது மார்ச்சில். அதனால் உதவித்தொகையும் மார்ச்சில் கொடுப்பதுதான் வழக்கம். அதற்குள் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கும், இல்லையென்றால் பிள்ளை நின்றிருக்கும். கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் பயிர் காய்ந்துபோனது மாதிரிதான்.

இதற்குத் தீர்வு கஷ்டமில்லை. ஒரே ஒரு முறை, ஓராண்டு வட்டியைச் செலவழிக்காமல் இருப்பில் வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஜூலையிலும் கடந்த ஆண்டு வட்டியைக் கொடுத்துக்கொண்டே போகலாம். அந்த ஒரு வருடத்து மாணவர்கள் பாதிக்கப்படாமல் இருக்க, அந்த ஆண்டுக்கு மட்டும் நிர்வாகமோ பழைய மாணவர் சங்கமோ ஈடுகட்ட வேண்டும். நிதி அலுவலரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் முடிவாகும் வரை ஃபீஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

---

திசையன்விளை துபாய் எழுதியது:

அந்த ஓராண்டு ஈட்டுக்கு என் பங்கை நான் போடுகிறேன். இங்கே நம்ம ஊர்க்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். மேடம், விதிகள் முடிவானதும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதைக் காட்டித்தான் கேட்க முடியும்.

---

பொருநைக்கரை எழுதியது:

கட்டாயம் அனுப்புகிறேன் அண்ணாச்சி. சூப்பிரண்டு சார் சொன்னவை எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். அடுத்த மாதம் நிர்வாகக் குழுவில் வைக்கிறோம். அதற்கு முன் விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் எழுதி முடிக்க வேண்டும், இரண்டே பக்கத்தில். முக்கூடல் மகளே, முதல் வரைவை உனக்கு அனுப்பட்டுமா? உன் பக்கத்து மாணவிகள் யாராவது உதவி இல்லாமல் நிரப்பிப் பார்த்தால் எனக்கு எங்கே தடுக்கிறது என்று தெரியும்.

---

முக்கூடல் மகள் எழுதியது:

அனுப்புங்கள் மேடம். எங்கள் தெருவில் மூன்று பேர் கல்லூரிக்குப் போகிறோம், அம்மாக்களையும் கூட வைத்துக்கொண்டு நிரப்பிப் பார்க்கிறோம். இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாப் படிவத்திலும் "தந்தையின் தொழில், தந்தையின் வருமானம்" என்றுதான் முதல் கட்டம் இருக்கும். அப்பா இல்லாதவர்கள், விட்டுப்போனவர்கள் வீட்டில் அங்கேயே பேனா நின்றுவிடும். "குடும்பச் செலவைப் பார்ப்பவர் யார், அவருக்கு என்ன வேலை" என்று வையுங்கள். வங்கிக் கணக்குக் கட்டத்துக்குப் பக்கத்தில், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து எழுதவும் என்று ஒரு வரி போடுங்கள். போன வருடம் என் தோழிக்கு வந்த அரசுப் பணம், அவள் பள்ளியில் தொடங்கி மறந்துபோன கணக்குக்குப் போய்விட்டது.